ஃபிளாஷ் மாட்டினால் வியூஃபைண்டர் இருண்டுபோகிறது: மிரர்லெஸ் கேமராவில் இரவு வரவேற்பு எடுப்பவர்கள் உதவவும்

அல்சூர்வாசி
செவ்வாய், இரவு 10.52

வணக்கம். பல ஆண்டுகளாகக் கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமராவில் கல்யாணம் எடுத்துவந்தவன், இப்போது கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸுக்கு மாறியிருக்கிறேன். பகலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முகூர்த்தத்துக்கு முந்தைய மாலை நடக்கும் வரவேற்பில்தான் சிக்கல்.

பெங்களூரு மண்டபங்கள் எப்படி இருக்கும் என்று இங்கே வேலை செய்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேடைக்குப் பின்னால் ஊதாவும் ரோஜா நிறமுமாக எல்.இ.டி. திரை ஒளிர்ந்துகொண்டிருக்கும், மேடையை விட்டு இரண்டு அடி இறங்கினால் கும்மிருட்டு. அபர்ச்சர் (லென்ஸின் திறப்பு, எண் கூடினால் சிறுக்கும்) எஃப் 5.6, ஷட்டர் 1/160 விநாடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 800 என்று வைத்து ஃபிளாஷோடு எடுக்கிறேன். படங்கள் சரியாகவே வருகின்றன. ஆனால் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்குள் மணமகன் யார், மாமனார் யார் என்றே தெரியவில்லை.

இன்னொரு புதிர். ஃபிளாஷைக் கேமராவின் தலையிலேயே மாட்டினால் வியூஃபைண்டர் வெளிச்சமாகிவிடுகிறது. அதையே மேடையோரம் ஸ்டாண்டில் நிறுத்திப் அதைத் தொலைவிலிருந்து சுடவைக்கும் பழைய ரேடியோ டிரிக்கரைக் கேமராவில் மாட்டினால் மறுபடியும் இருட்டு. வெளிச்சமாக இருக்கும்போதும் நிம்மதி இல்லை. முகங்களில் புள்ளி மொய்க்கிறது, அசைவுகள் பின்தங்கி வருகின்றன. அட்சதை போடும் கை உயர்வதை நான் பார்க்கும்போது அட்சதை ஏற்கெனவே தலையில் விழுந்துவிட்டது.

இதற்கு வழி உண்டா, இல்லை பழகிக்கொள்ள வேண்டியதுதானா?

வெளிச்சப்பித்தன்
செவ்வாய், இரவு 11.20

வழி உண்டு நண்பரே. முதலில் அங்கே என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

பழைய கேமராவில் லென்ஸ் வழியாக வந்த ஒளி கண்ணாடியில் பட்டு நேராக உங்கள் கண்ணுக்கு வந்தது. நீங்கள் ஷட்டரையும் ஐஎஸ்ஓவையும் எப்படி வைத்தாலும் அந்தக் காட்சி மாறாது. இப்போது நீங்கள் பார்ப்பது சென்சார் அனுப்பும் நேரலை. நீங்கள் வைத்திருக்கும் அளவுகளில் படம் எப்படி விழும் என்பதை அது முன்கூட்டியே காட்டப் பார்க்கிறது. ஃபிளாஷின் ஒளி பெரும்பாலும் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவோ அதற்கும் குறைவாகவோதான் இருப்பது. பொத்தானை அழுத்தும்வரை அது அரங்கத்தில் இல்லை. இல்லாத ஒளியை வியூஃபைண்டர் எப்படிக் காட்டும்? மண்டபத்து விளக்கை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டு, "இந்த அளவில் படம் கறுப்பாக வரும்" என்கிறது. ஃபிளாஷை மறந்துவிட்டுப் பார்த்தால் அது சொல்வது உண்மை.

அந்தக் கறுப்பு எவ்வளவு கறுப்பு என்று பாருங்கள். ஃபிளாஷ் இல்லாமல் அந்த மண்டபத்தில் எஃப் 2.8, 1/100, ஐஎஸ்ஓ 3200 தேவைப்படும் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் அளவில் அபர்ச்சரால் நான்கில் ஒரு பங்கு, ஐஎஸ்ஓவால் நான்கில் ஒரு பங்கு, ஷட்டரால் இன்னும் கொஞ்சம் குறைகிறது. எல்லாவற்றையும் பெருக்கினால் தேவையானதில் 25-இல் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. மாமனார் தெரியாததில் வியப்பில்லை.

தலையில் மாட்டினால் வெளிச்சமாவதற்குக் காரணம், ஃபிளாஷ் மாட்டும் இடமான ஹாட் ஷூவில் உள்ள சின்னச் சின்ன முனைகள். உங்கள் கேமராவுக்கென்று செய்த ஃபிளாஷ் அவற்றின் வழியாக "நான் இருக்கிறேன்" என்று சொல்லிவிடுகிறது. உடனே கேமரா முன்னோட்டத்தை நிறுத்திவிட்டு, பார்க்க வசதியான வெளிச்சத்துக்கு மாறுகிறது. பழைய டிரிக்கர்கள் பலவற்றில் நடுவில் ஒரே ஒரு முனைதான் உண்டு. அதற்கு "இப்போது சுடு" என்ற செய்தி ஒன்றுதான் தெரியும். அப்படி ஒரு பொருள் மேலே உட்கார்ந்திருப்பதே கேமராவுக்குத் தெரியாது.

ஆகவே முன்னோட்டத்தைக் கையால் அணைத்துவிடுங்கள். எந்தக் கேமரா என்று நீங்கள் சொல்லவில்லை. கேனனில் 'எக்ஸ்போஷர் சிமுலேஷன்' என்றிருக்கும், புதியவற்றில் 'டிஸ்ப்ளே சிமுலேஷன்'. சோனியில் 'லைவ் வியூ டிஸ்ப்ளே' என்ற இடத்தில் 'செட்டிங் எஃபெக்ட் ஆஃப்'. நிகானின் முதல் இசட் கேமராக்களில் 'அப்ளை செட்டிங்ஸ் டு லைவ் வியூ'. இசட் 8, இசட் 9 போன்றவற்றில் அதையே 'வியூ மோட்' என்ற பெயரில் வைத்திருக்கிறார்கள். ஃபியூஜிஃபில்மில் 'பிரிவியூ எக்ஸ்போஷர்' என்று தொடங்கும் ஒரு நீளமான வரி. ஒவ்வொருவரும் ஒரே பொருளுக்கு வேறு வேறு பெயர் வைத்து மெனுவின் வேறு வேறு மூலையில் ஒளித்துவைத்திருக்கிறார்கள். என்ன சந்தோஷமோ தெரியவில்லை.

பழையகண்ணாடி
புதன், காலை 6.15

இதற்குத்தான் நான் இன்னும் டிஎஸ்எல்ஆரை விடாமல் வைத்திருக்கிறேன். எஃப் 2.8 லென்ஸை மாட்டி உள்ளே பார்த்தால் மண்டபம் மண்டபமாகவே தெரியும். பின்தங்குதல் கிடையாது, புள்ளி கிடையாது, மெனுவில் தேட வேண்டியதும் இல்லை.

2008-இல் பேனசோனிக் ஜி1 வந்தபோது எலெக்ட்ரானிக் வியூஃபைண்டரில் 14.4 லட்சம் திரைப்புள்ளிகள் என்று கொண்டாடினார்கள். இப்போது 94.4 லட்சம் வரை வந்துவிட்டது. இருட்டு மண்டபத்தில் அதனால் என்ன லாபம்? முன்பு மங்கலாகத் தெரிந்த அந்த மொய்க்கும் இரைச்சல் இப்போது துல்லியமாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

வெளிச்சப்பித்தன்
புதன், காலை 8.40

பழையகண்ணாடி ஐயா சொன்ன கடைசி வரியை மறுக்க மாட்டேன். புள்ளி எண்ணிக்கை திரையின் கூர்மையைச் சொல்வது. சென்சாருக்கு எவ்வளவு ஒளி கிடைக்கிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அல்சூர்வாசி கேட்ட பின்தங்கலுக்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. விநாடிக்கு 60 காட்சிகள் காட்ட வேண்டுமானால் ஒவ்வொரு காட்சிக்கும் சென்சார் 1/60 விநாடிக்கு மேல் ஒளி சேர்க்க முடியாது. இருட்டில் அது போதாது. ஒன்று, கேமரா ஒவ்வொரு காட்சிக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும், அப்போது அசைவு இழுபடும். அல்லது கிடைத்த கொஞ்ச ஒளியைப் பெருக்கிக் காட்டும், அப்போது புள்ளி மொய்க்கும். பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே செய்யும். சில கேமராக்களில் எதற்கு முன்னுரிமை என்று நாமே சொல்லலாம். ஃபியூஜியின் சில மாடல்களில் 'பூஸ்ட்' என்ற பகுதியில் குறைந்த ஒளிக்கு முன்னுரிமை, காட்சி வேகத்துக்கு முன்னுரிமை என்று தனித்தனியாக உண்டு. அட்சதைக்கு வேகம்தான் வேண்டும். புள்ளி கிடக்கட்டும், அது படத்தில் வரப்போவதில்லை.

இன்னொன்று: அதிக ஒளி வாங்கும் லென்ஸ் மாட்டினால் கண்ணாடி வியூஃபைண்டருக்குக் கிடைக்கும் பலன் இதற்கும் கிடைக்கும். எஃப் 4 ஜூமில் தவிப்பவர்கள் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை மாட்டிப் பாருங்கள். ஆனால் அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. இப்போது வேலைக்கு நேரமாகிவிட்டது, பிறகு எழுதுகிறேன்.

கோரமங்கலாக்கண்
புதன், பிற்பகல் 2.05

முன்னோட்டத்தை அணைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள் என்ற யோசனையை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அணைத்தபின் வியூஃபைண்டரில் எல்லாமே அழகாக, சமமான வெளிச்சத்தில் தெரியும். அந்த அழகை நம்பி 1/200, ஐஎஸ்ஓ 100 என்று வைத்து ஃபிளாஷ் அடிப்பார்கள். மணமகள் பளிச்சென்று இருப்பாள். அவளுக்குப் பின்னால் லட்சக்கணக்கில் செலவழித்துப் போட்ட பூ அலங்காரம் காணாமல் போயிருக்கும். இந்த ஊர் கல்யாண ஆல்பங்களில் பாதி இப்படித்தான் இருக்கின்றன. அலங்காரத்துக்குக் காசு கொடுத்த அப்பா ஆல்பத்தைப் புரட்டும்போது அருகில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

ஷட்டர் வேகம் மண்டபத்து ஒளியைத்தான் கட்டுப்படுத்தும், ஃபிளாஷை அல்ல. ஃபிளாஷின் அளவை அபர்ச்சரும் ஃபிளாஷின் சக்தியும் முடிவு செய்யும். ஐஎஸ்ஓ இரண்டையும் சேர்த்து ஏற்றி இறக்கும். அப்படியென்றால் பின்னணி எவ்வளவு வெளிச்சமாக இருக்க வேண்டும் என்பதை ஃபிளாஷ் இல்லாமலேயே முடிவு செய்துவிடலாம். அதற்கு அந்த முன்னோட்டத்தை விடச் சிறந்த கருவி கிடையாது.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் ஃபிளாஷை அணைத்துவிட்டு முன்னோட்டத்தைப் போட்டு மேடையைப் பார்ப்பேன். விளக்குச் சரங்களும் பூக்களும் கொஞ்சம் இருட்டாக, ஆனால் உயிரோடு தெரியும்வரை ஷட்டரையும் ஐஎஸ்ஓவையும் திருகுவேன். சரியான வெளிச்சத்தைவிட ஒன்றரை, இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்) குறைவாக நிறுத்துவது என் வழக்கம். அதற்குப் பிறகுதான் முன்னோட்டத்தை அணைத்து ஃபிளாஷைப் போடுவது. மேடை விளக்கு மாறினால் மறுபடியும் ஒருமுறை பார்ப்பேன். இந்த மாற்றத்தைப் பல கேமராக்களில் ஒரே பொத்தானில் வைத்துக்கொள்ளலாம். கண்ணை எடுக்காமல் கட்டைவிரலால் அழுத்தினால் போதும்.

சோனி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'செட்டிங் எஃபெக்ட்' அணைந்தால் வெளிச்சத்தோடு ஒயிட் பேலன்ஸ் முன்னோட்டமும் போய்விடும். ஊதா விளக்கில் முகம் என்ன நிறத்தில் வரப்போகிறது என்பதைப் படம் எடுத்தபின்தான் அறிவீர்கள்.

அல்சூர்வாசி
புதன், மாலை 5.30

கோரமங்கலாக்கண் அக்கா, இது எனக்குப் பெரிய தெளிவு. நான் இதுவரை முன்னோட்டத்தை ஒரு தொல்லையாகவே பார்த்தேன். பொத்தான் விஷயம் என் கேமராவிலும் இருக்கிறது, கண்டுபிடித்துவிட்டேன்.

ஒரு கேள்வி. அப்படி 1/50, 1/60 என்று இறங்கினால் ஆடும் பிள்ளைகள் இழுபடமாட்டார்களா? இங்கே வரவேற்பு முடிந்ததும் டிஜே ஆரம்பித்துவிடுவார்.

கோரமங்கலாக்கண்
புதன், மாலை 6.10

மண்டபத்து ஒளி இரண்டு ஸ்டாப் குறைவாக இருக்கும்வரை முகத்தை உறைய வைப்பது ஃபிளாஷின் வேலை. பின்னணியும் கை நுனியும் கொஞ்சம் இழுபடும். ஆட்டத்தில் அது அழகுதான். கேமரா இரண்டாம் திரை ஒத்திசைவை அனுமதித்தால் அதைப் போடுங்கள். ஃபிளாஷ் கடைசியில் சுடும், இழுபட்ட கோடு ஆளுக்குப் பின்னால் நிற்கும். ஆனால் மின்னும் வெள்ளை விளக்கு நேராக முகத்தில் அடித்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது.

சிவாஜிநகர்ச்சீனி
புதன், இரவு 9.45

நடுவில் புகுவதற்கு மன்னியுங்கள். வியூஃபைண்டரில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் நகர்கின்றன. எங்கள் பகுதி புனித மேரி பசிலிக்காவில் செப்டம்பர் 8 தேர் பவனி எடுக்கப் போயிருந்தேன். தேரின் விளக்குகளைப் பார்த்தபோதும் பட்டை, சுற்றியிருந்த கடை விளக்குகளிலும் பட்டை. கேமரா பழுதா?

வெளிச்சப்பித்தன்
புதன், இரவு 10.20

பழுது இல்லை. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. அதில் எரியும் மலிவான எல்.இ.டி. விளக்கு விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. கண்ணுக்குத் தெரியாது. சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிப்பதால், சில வரிகள் விளக்கு கூடும்போதும் சில வரிகள் குறையும்போதும் பதிவாகின்றன. அதுதான் பட்டை. ஷட்டரை 1/100 அல்லது 1/50-இல் வைத்தால் ஒவ்வொரு வரிக்கும் முழு அலை கிடைத்துவிடும். படத்தில் பட்டை போய்விடும். வியூஃபைண்டரில் கொஞ்சம் மிஞ்சினாலும் பொருட்படுத்தாதீர்கள். மேடை எல்.இ.டி. திரைகள் வேறு ரகம். அவை தம் இஷ்டத்துக்கு வேறு வேகத்தில் துடிக்கும், அங்கே ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அதனால்தான் ஃபிளாஷ் வைத்து எடுக்கும்போதும் 1/200-க்குப் போகாமல் 1/100-இல் நிற்பது நல்லது. கோரமங்கலாக்கண் அவர்கள் சொன்ன பின்னணிக் கணக்குக்கும் அது ஒத்துப்போகும்.

பழையகண்ணாடி
வியாழன், காலை 6.05

தேர் பவனிக்கு ஃபிளாஷ் எதற்கு? மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நடந்துவரும் முகங்கள் கிடைக்கும் இடத்தில் வெள்ளை ஒளியை அடித்துத் துரத்துவார்களா? பெங்களூரு கரகத் திருவிழாவிலும் இதே கூத்துதான். சைத்ர மாதப் பௌர்ணமி இரவு, தர்மராயசுவாமி கோவிலிலிருந்து கரகம் புறப்படும் நேரத்தில், உருவிய வாளோடு ஓடிவரும் வீரகுமாரர்களின் கண்ணிலேயே அடிக்கிறார்கள். தலையில் கரகம் சுமந்து நடப்பவருக்குக் கண் கூசினால் என்ன ஆகும் என்ற யோசனையே இல்லை. அங்கே உங்கள் எலெக்ட்ரானிக் வியூஃபைண்டர் நன்றாகவே வேலை செய்யும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃபிளாஷ் இல்லாத இடத்தில் எனக்கு அதன்மேல் புகார் கிடையாது.

ஃபிளாஷ் வேண்டிய இடத்தில் என் புகார் ஃபோகஸ். பழைய ஃபிளாஷ்கள் சிவப்புக் கட்டம் ஒன்றை முகத்தில் விழச்செய்யும். கும்மிருட்டில்கூட என் டிஎஸ்எல்ஆர் அதைப் பிடித்து ஃபோகஸ் செய்துவிடும். அதே ஃபிளாஷைத் தம்பியின் மிரர்லெஸ்ஸில் மாட்டினேன், கட்டம் வரவே இல்லை.

வெளிச்சப்பித்தன்
வியாழன், காலை 8.30

வராது ஐயா. டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸுக்குத் தனிச் சென்சார் இருந்தது, அந்தக் கட்டம் அதற்காகச் செய்தது. மிரர்லெஸ்ஸில் படம் எடுக்கும் சென்சாரே ஃபோகஸும் செய்கிறது. அதன் முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி இருக்கிறது. அந்தக் கட்டத்தின் ஒளியோ அகச்சிவப்பை ஒட்டியது. அதனால் பெரும்பாலான மிரர்லெஸ் கேமராக்கள் அதை எரிய வைப்பதே இல்லை. புதிய ஃபிளாஷ்கள் சிலவற்றில் அதற்குப் பதில் சாதாரண எல்.இ.டி. விளக்கு வைத்திருக்கிறார்கள், கேனனின் இஎல்-5 போல. கேமரா முகப்பில் இருக்கும் சின்ன உதவி விளக்கும் உண்டு, ஆனால் தொடர் ஃபோகஸில் அது எரியாது, பெரிய லென்ஸ் ஹுட் மாட்டினால் மறைந்துவிடும்.

நேற்று பாதியில் விட்ட நிபந்தனைக்கும் இப்போது வருகிறேன். எஃப் 1.8 லென்ஸ் மாட்டினாலும், கேமரா ஃபோகஸ் செய்யும் நேரத்தில் அதைத் திறந்து வைத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. நிகான் இசட் நீங்கள் வைத்த அபர்ச்சரிலேயே பார்க்கும். ஆனால் எஃப் 5.6-ஐத் தாண்டி மூடாது. சோனி எஃப் 8 வைத்தால் மூடிக்கொண்டே ஃபோகஸ் தேடக்கூடும். புதிய மாடல்களில் 'அபர்ச்சர் டிரைவ் இன் ஏஎஃப்' என்ற இடத்தில் ஃபோகஸுக்கு முன்னுரிமை கொடுத்தால் திறந்து பார்க்கும். குழுப்படத்துக்கு எஃப் 8 வைத்துவிட்டு "ஃபோகஸ் தேடிக்கொண்டே இருக்கிறது" என்று திட்டுபவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

மாரத்தஹள்ளிமைனா
வியாழன், முற்பகல் 11.15

என் கேள்வி இன்னும் எளிது. ஃபிளாஷ் எரியவே மாட்டேன் என்கிறது. தலையில் மாட்டி, பச்சை விளக்கும் எரிகிறது. கோவிலில் எடுத்துவிட்டு நேராக வரவேற்புக்கு வந்தேன்.

கோரமங்கலாக்கண்
வியாழன், முற்பகல் 11.25

கோவிலில் சத்தம் வராமல் இருக்க சைலண்ட் மோட் போட்டிருப்பீர்கள், தங்கச்சி. அது எலெக்ட்ரானிக் ஷட்டரில் ஓடுவது, அதை எடுங்கள். பெரும்பாலான கேமராக்களில் எலெக்ட்ரானிக் ஷட்டரோடு ஃபிளாஷ் எரியாது. சென்சார் வரி வரியாகப் படித்து முடிக்க எடுக்கும் நேரத்தில் ஃபிளாஷ் சில வரிகளில் மட்டும் விழுந்துவிடும் என்பதால் அதைத் தடுத்துவிடுகிறார்கள். விலை உயர்ந்த சிலவற்றுக்கு விலக்கு உண்டு. நிகான் இசட் 9-இல் இயந்திர ஷட்டரே கிடையாது, ஆனாலும் ஃபிளாஷ் எரியும். 2023 நவம்பரில் அறிவித்த சோனி ஏ9 மூன்றாம் மாடல் எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் படிப்பதால் எந்த ஷட்டர் வேகத்திலும் ஃபிளாஷ் போடலாம். அந்த விலைக்கு நம் ஊரில் ஒரு சிறிய கல்யாணமே செய்துவிடலாம்.

மாரத்தஹள்ளிமைனா
வியாழன், முற்பகல் 11.40

எரிகிறது! நன்றி அக்கா.

அல்சூர்வாசி
வியாழன், இரவு 9.50

ஃபிளாஷ் போட்டு எடுத்த படம் சரியா என்று எப்படிப் பார்க்கிறீர்கள்? வியூஃபைண்டரில் இருக்கும் நேரலை ஹிஸ்டோகிராம் (படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) எதையோ காட்டுகிறது, படம் வேறு மாதிரி வருகிறது.

வெளிச்சப்பித்தன்
வியாழன், இரவு 10.15

நேரலை ஹிஸ்டோகிராமுக்கும் ஃபிளாஷ் தெரியாது, அதை மறைத்துவிடுங்கள். எடுத்தபின் வரும் ஹிஸ்டோகிராமைத்தான் நம்ப வேண்டும். 'ஆட்டோ ரிவியூ' போட்டால் எடுத்த படம், ஃபிளாஷ் விழுந்த நிலையில், வியூஃபைண்டருக்குள்ளேயே வந்து நிற்கும். கேமராவைக் கண்ணிலிருந்து இறக்க வேண்டியதில்லை. கண்ணாடிக் கேமராவில் இந்த வசதி கிடையாது என்று பழையகண்ணாடி ஐயாவுக்குப் பணிவோடு நினைவூட்டுகிறேன். முதல் சில படங்களில் அளவு சரியானதும் அதை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த கணத்தைப் பார்க்க விடாமல் மறித்துக்கொண்டு நிற்கும்.

திரையின் வெளிச்ச அளவையும் கவனியுங்கள். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு மங்கலான படமும் பளபளப்பாகத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டால் எல்லாம் ஒரு ஸ்டாப் இருட்டாக இருக்கும்.

பழையகண்ணாடி
வெள்ளி, காலை 6.20

ஆட்டோ ரிவியூ விஷயத்தில் ஒரு மதிப்பெண் கொடுக்கிறேன். பேட்டரி எத்தனை கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டால் அதைத் திரும்ப வாங்கிக்கொள்வேன்.

அல்சூர்வாசி
வெள்ளி, பிற்பகல் 1.30

கடைசியாக ஒன்று. சாப்பாட்டுக்கு முன் குடும்பத்தார் முப்பது பேர் மேடையில் நிற்பார்கள். எஃப் 8 வேண்டும். ஃபோகஸ் முன்னுரிமையும் போட்டுவிட்டேன். ஆனால் டிஜே அந்த நேரம் பார்த்து மேடை விளக்கை நீலத்துக்கு மாற்றிவிடுகிறார். வியூஃபைண்டரில் முகங்களும் தெரியவில்லை, ஃபோகஸும் தடுமாறுகிறது.

கோரமங்கலாக்கண்
வெள்ளி, பிற்பகல் 1.55

மேடையின் வெள்ளை விளக்கை இரண்டு நிமிடம் போடச் சொல்லுங்கள். ஃபோகஸ் செய்ததும் அதை அப்படியே பூட்டி, கேமராவையும் குழுவையும் நகர்த்தாமல் நாலைந்து படம் எடுத்துவிட்டால் போதும். 1/160, எஃப் 8-இல் அந்த விளக்கு படத்தில் பெரிதாகத் தெரியாது, ஃபிளாஷ் அதை மிஞ்சிவிடும். வியூஃபைண்டருக்கும் ஃபோகஸுக்கும் தான் அந்த வெளிச்சம்.

அல்சூர்வாசி
வெள்ளி, பிற்பகல் 2.00

டிஜே கேட்கமாட்டார் அக்கா. போன தடவை நான் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

கோரமங்கலாக்கண்
வெள்ளி, பிற்பகல் 2.04

நீங்கள் ஏன் சொல்கிறீர்கள்? பெண்ணின் தாய்மாமனிடம் சொல்லுங்கள்.